மருந்துக் கண்ணு என்றுதான் நினைத்தோம்

சென்னிமலை ஒரு மணி நேரத்தில் எண்ணூறு குஞ்சுகளுக்குக் கண் சொட்டு விடுவான். நாமக்கல்லுக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவில் இருக்கிற ஒரு கோழிப்பண்ணையில் நான் இருபத்தாறு வருடமாக சூப்பர்வைசர். மருந்து போடுகிற ஆட்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். வேகமாகப் போடுகிறவன் சிந்துவான். சிந்தாமல் போடுகிறவன் பொழுதைப் போக்குவான். வேகமும் சுத்தமும் கூடி வந்த கை அவனுடையது ஒன்றுதான். இப்போது அந்தக் கைக்கு வேலை இல்லை. அதற்குக் காரணம் பீடி, பாதிக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், சுற்றி வளைக்கப் போவதில்லை.

முட்டைக்கோழிக் குஞ்சு பண்ணைக்கு வந்த முதல் வாரமே வெள்ளைக் கழிச்சல் நோய் வராமல் தடுக்கிற மருந்து போட்டாக வேண்டும். ஊசி கிடையாது, கண்ணில் ஒரு சொட்டு. குஞ்சை இடது கையில் அள்ளித் தலையைச் சாய்த்துப் பிடித்து, சொட்டை விட்டு, அது கண்ணுக்குள் இறங்கும்வரை ஒரு நொடி பொறுத்துத்தான் கீழே விட வேண்டும். அந்த ஒரு நொடிப் பொறுமைதான் தொழிலே. பொறுக்காதவன் கையில் குஞ்சு தலையை உதறும், மருந்து தரையில் கிடக்கிற உமிக்குப் போகும். விழுந்தது தெரிய வேண்டும் என்பதற்காக மருந்தில் நீலச் சாயம் கலப்போம். சென்னிமலை ஒவ்வொரு குஞ்சோடும் பேசுவான்.

"அழுவாத சாமி, ஒரு சொட்டுதான். கண்ணச் செத்த முழிச்சுக்க சாமி."

பத்தாயிரம் குஞ்சு இருந்தால் பத்தாயிரம் தடவையும் சாமிதான். மற்ற ஆட்கள் கிண்டல் செய்வார்கள், அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம் அவனுடையது. பங்கு பிரித்ததில் அவன் அப்பனுக்கு வந்தது கிணறு இல்லாத மூலை. பத்தொன்பது வயதில் பண்ணை வேலைக்கு வந்துவிட்டான். பீடி அதற்கும் முந்தியது. கொடிக்காலுக்குள் கொசு பிடுங்கும், புகை இருந்தால் அண்டாது என்று பெரியப்பா மகன் பற்ற வைத்துக் கொடுத்தானாம். கொசு என்ன ஆனதோ தெரியாது, பீடி ஒட்டிக்கொண்டது. அவனுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. நாளைக்கு இரண்டு கட்டு. மருந்து போடுகிற நாட்களில் விடிந்ததிலிருந்து டீயும் பீடியும்தான் சாப்பாடு. அவன் மனைவி முத்தாயம்மாள் தூக்குப்போசியில் கட்டிக் கொடுக்கிற சோற்றை இரண்டு மணிக்கு மேல் நாலு வாய் அள்ளிப் போட்டுவிட்டு மீதியை நாய்க்கு வைப்பான்.

பண்ணைக்குள் பீடிக்கு இடம் கிடையாது. கீழே உமி, பக்கவாட்டில் சாக்குப் படுதா, ஒரு பொறி போதும். முதலாளி மதியழகன் மற்ற விஷயங்களில் தங்கமான மனிதர். இதில் மட்டும் ஈவிரக்கம் பார்க்க மாட்டார். தீவனக் கிடங்குக்குப் பின்னால் நின்று பற்ற வைத்த அன்பரசு என்பவனை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினார். அதனால் சென்னிமலை கேட்டைத் தாண்டி ஓடைக்கரைக்குப் போய்விட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்புவான். பண்ணையில் எல்லோருக்கும் தெரியும், முதலாளிக்கு மட்டும் தெரியாது. மருந்து செட்டுக்கு அவனைத் தலைவனாகப் போடச் சொல்லிச் சிபாரிசு செய்தபோது, "பீடி சிகரெட்டுன்னு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத பையனுங்க" என்று முதலாளியிடம் சொன்னவன் நான்தான்.

நானும் முன்பு பீடி குடித்தவன். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு விட்டேன். விட்டவனுக்கு வாய் நீளம், அவனைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சைச் சொல்லி மிரட்டுவேன். "எம்பட நெஞ்சு கல்லாட்டம் இருக்குதுங்ணா" என்று சிரிப்பான். பீடிக் கட்டில் அழுகின வாயையும் தொண்டையையும் படம் போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கெல்லாம் பழகிவிட்டது. பீடி கண்ணைப் பிடுங்கும் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டோம். புகை போவது நுரையீரலுக்கு, கண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருப்போம். நான் கேட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் மருந்துக் கண்ணு என்று ஒன்று உண்டு. குஞ்சு உதறும்போது மருந்து நம் கண்ணில் தெறித்துவிடும். இரண்டு நாளில் கண் சிவந்து, தண்ணீர் கொட்டி, மணல் போட்ட மாதிரி உறுத்தும். ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும். நந்தியாவட்டைப் பூவை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், அவ்வளவுதான் வைத்தியம். மருந்துக் கண்ணு வராத ஆள் எங்கள் செட்டில் கிடையாது. அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனான் என்றால் வருடம் முழுக்கக் கேலி செய்வோம்.

போன வருடம் ஐப்பசியில் ஒரு நாள் சென்னிமலை என்னிடம் வந்தான்.

"ஏனுங்ணா, நாலஞ்சு நாளா கண்ணு முன்னால பொகையாட்டம் இருக்குதுங். தொடச்சாலும் போக மாட்டேங்குது."

"மருந்து தெறிச்சிருக்கும். பூவு வெச்சு ஒத்துடா."

"ஒத்துனனுங்."

"ஒத்துனாப் போயிரும். போ, வேலையப் பாரு."

அவன் கண்ணைப் பார்த்தேன். சிவப்பு இல்லை, தண்ணீர் இல்லை, பீளை இல்லை, பளிங்கு மாதிரி இருந்தது. மருந்துக் கண்ணு என்றால் சிவக்க வேண்டும், வலிக்க வேண்டும். அவனுக்கு வலியே இல்லை. அந்த வித்தியாசம் என் புத்தியில் உறைக்கவில்லை. சிவக்காததால் லேசான மருந்துக் கண்ணு என்று முடிவு கட்டினேன். வெளியே இருந்து வந்த எவனாவது பார்த்திருந்தால் கண் டாக்டரிடம் போ என்று சொல்லியிருப்பான். தொழில் தெரிந்த எங்களுக்குத்தான் அப்படித் தோன்றவில்லை.

கார்த்திகையில் நீலச் சாயம் போதவில்லை என்றான். கொஞ்சம் கூடக் கலந்தோம். அப்புறமும் போதவில்லை என்றான். கோழியின் கொண்டைச் சிவப்பு வெளுத்துப்போன துணி மாதிரி தெரிகிறது, இந்தத் தொகுதிக் கோழிக்குச் சத்துக் குறைவா என்று கேட்டான். எதிரே போய் நின்றால் நான் வாய் திறந்து பேசும்வரை யாரென்று தெரியாமல் விழித்தான். பயம் அவனுக்குள் வந்துவிட்டது என்பது ஓடைக்கரைக்குப் போகிற நடையிலேயே தெரிந்தது. இரண்டு கட்டு மூன்று கட்டு ஆனது. பயத்தை அடக்க பீடியைக் குடித்தான், அந்தப் பீடிதான் பயத்துக்கே காரணம் என்று அவனுக்கு யார் சொல்வது?

மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் நடந்தது. பண்ணைக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தினார்கள். மதியழகன் வெள்ளை வேட்டியில் முன்னால் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். நான்தான் சென்னிமலையை வண்டியில் வைத்துக் கூட்டிப் போனேன். வரிசை மெதுவாக நகர்ந்தது. சுவரில் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். புகைபிடிப்பதால் கண்ணுக்கு வரும் கேடுகள் என்று தலைப்பு. கீழே கண்புரை, விழித்திரைக் கோளாறு, கண் நரம்புப் பாதிப்பு என்று வரிசையாகப் போட்டிருந்தது. சும்மா நிற்கிற நேரத்தில் முழுவதையும் படித்தேன். படித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா, சிரித்தேன்.

"ஏண்டா, பீடி குடிச்சா கண்ணு போயிருமாமா. நாளைக்கு முட்டிவலிக்கும் பீடிதான் காரணம்னு எழுதுவானுக."

அவன் சிரிக்கவில்லை. "அப்படியா எழுதியிருக்குதுங்?" என்று கேட்டுவிட்டுப் பேனர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். அவனுக்கு எழுத்துத் தெரியாது என்பதில்லை, எட்டாவது படித்தவன். எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை.

மேசைக்கு வந்தோம். ஒரு சின்னப் பெண் படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். பெயர், வயது, சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா. அப்புறம், "பீடி, சிகரெட் பழக்கம் இருக்குதுங்களா?"

முதலாளி மூன்றடி தள்ளி நின்று யாருக்கோ தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார். சென்னிமலை என் பக்கம் திரும்பினான். அவன் சொல்லிவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. வாய் திறக்கிற முகம் அது. சொன்னால் அவன் வேலை போகும் என்பது உண்மைதான், ஆனால் அந்த நொடியில் நான் நினைத்தது அவன் வேலையை இல்லை. கெட்ட பழக்கம் இல்லாத பையன் என்று முதலாளியிடம் நான் கொடுத்த வாக்கை நினைத்தேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சுத்தமான ஆளு," என்றேன்.

அந்தப் பெண் 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டாள். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்கள். புரை இல்லை என்றார்கள். முகாமில் தேடுவது புரையைத்தான், அறுவைக்கு ஆள் பிடித்து பஸ்ஸில் ஏற்றுவதுதான் அவர்கள் வேலை. புரை இல்லாதவனுக்குக் கண்ணாடி. ஒரு மாதத்தில் சரியாகாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் காதில் விழுந்தது 'கண்ணு சுத்தமா இருக்குது' என்ற முதல் பாதி மட்டும். வெளியே வந்ததும் அவன் முகத்தில் ஒரு மாதத்துக்கு அப்புறம் சிரிப்பைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் ஒரு பீடியை எடுத்தான். தீக்குச்சி நுனி அவனுக்குப் பிடிபடவில்லை, இரண்டு தடவை தவறவிட்டான். வாங்கி நான்தான் பற்ற வைத்தேன்.

கண்ணாடி போட்டும் ஒன்றும் ஆகவில்லை. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு மங்கல், ஓரமாகப் பார்த்தால் கொஞ்சம் தெரிகிறது என்றான். மொபெட்டை விட்டுவிட்டு நடந்து வந்தான். கண்ணாடிக்குப் பழக நாளாகும் என்று நான் சொன்னேன், அவனும் சரி என்றான். இரண்டு பேருக்கும் அப்படி நம்ப வேண்டியிருந்தது. தை போனது, மாசி வந்தது. மாசியில் பன்னிரண்டாயிரம் குஞ்சு இறக்கினோம். அவன் எப்போதும் போலச் செட்டுக்குத் தலைவனாக உட்கார்ந்து, எப்போதும் போல சாமி சாமி என்று பேசிக்கொண்டு மருந்து போட்டான். கட்டைவிரலால் குஞ்சின் கண் இமையைத் தடவிக் கண்டுபிடித்து, அந்த இடத்துக்குச் சொட்டை விட்டான். கைக்குத்தான் பழக்கம் முப்பது வருடமாக இருக்கிறதே. கண்ணுக்குள் போகாமல் இமை மேல் விழுந்தாலும் நீலம் ஒட்டத்தான் செய்யும், பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நானும் அரை நாள் பக்கத்தில் நின்றேன், எனக்கும் தெரியவில்லை.

சித்திரை வெயிலில் கழிச்சல் இறங்கியது. முதல் நாள் இருபது, மறுநாள் நூறு, அப்புறம் கூடை கூடையாக. கழுத்து முறுக்கிக்கொண்டு சாகிற குஞ்சைப் பார்த்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கால்நடை டாக்டர் வந்து அறுத்துப் பார்த்தார், ரத்தம் எடுத்துப்போய்ச் சோதித்தார். பாதிக் குஞ்சுகளுக்கு மருந்தே ஏறவில்லை என்றார். முதலாளி மருந்து வைத்த ஐஸ் பெட்டியைக் கேட்டார், பாட்டில் தேதியைக் கேட்டார், கரண்ட் போன நாளைக் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. செத்த குஞ்சுகளைப் புதைக்கக் குழி வெட்டுகிற இடத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். சென்னிமலை கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"நாந்தானுங்க. எனக்குக் கண்ணு தெரியறதில்லீங்க. தெரியறாப்பல நடிச்சிட்டிருந்தேன்."

முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஊட்டுக்குப் போய்க் கண்ணப் பாரு சென்னிமல," என்று மட்டும் சொன்னார். அது வேலையை விட்டு நிறுத்தியது என்பது அவனுக்கும் புரிந்தது. போகும்போது குழியைச் சுற்றிக்கொண்டு போகத் தெரியாமல் விளிம்பில் கால் வைத்தான். கையைப் பிடித்து நான் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். கேட்டில் வாட்ச்மேன் ஒரு கிழம், "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா" என்றான். அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அந்தச் சொல் எனக்கும்தான் என்பதால் வந்த கோபம் அது.

சென்னிமலையின் ஒரே மகள் தனப்பிரியாவை ஓமலூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள்தான் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கண் டாக்டரிடம் நேரம் வாங்கினாள். சென்னிமலை, முத்தாயம்மாள், நான், மூன்று பேரும் பஸ் ஏறினோம். நீங்கள் எதற்கு என்று அவன் கேட்டான். வீட்டில் இருக்க முடியவில்லை என்று சொன்னேன், அது பொய்யில்லை.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. புள்ளி புள்ளியாக வண்ணம் அடித்த புத்தகம் ஒன்றை அவன் முன்னால் விரித்து என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். ஒவ்வொரு பக்கத்துக்கும் "சாம்பலாட்டம் இருக்குதுங்" என்றான். சொட்டு விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, வெகுநேரம் உள்ளே பார்த்தார். அப்புறம் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்டார்.

"புகையிலைப் பழக்கம் உண்டா?"

"முப்பத்தேழு வருசமா பீடிங்க. வெத்தலையும் பொகையிலையும் அப்பப்ப. இப்ப நாளைக்கு மூணு கட்டுங்க."

"சாப்பாடு?"

முத்தாயம்மாள் பதில் சொன்னாள். "போட்ட சோத்தத் திங்கவே மாட்டாருங்க டாக்டரம்மா. டீயும் பீடியுந்தான்."

டாக்டர் நிதானமாகச் சொன்னார். பீடியில் இருக்கிற நஞ்சு ரத்தத்தோடு போய்க் கண் நரம்பைத் தாக்கும். சத்தில்லாத உடம்பில் இன்னும் வேகமாகத் தாக்கும். வலிக்காது, சிவக்காது, வெளியே இருந்து பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கும். முதலில் நிறம் வெளுக்கும், அப்புறம் நடுப்பார்வை போகும். ஆரம்பத்திலேயே பீடியை அடியோடு நிறுத்தி, சத்து மாத்திரையும் சாப்பாடும் கொடுத்தால் பல பேருக்குத் திரும்பி வரும்.

"எப்பருந்து மங்கலா இருக்கு?"

"ஐப்பசிலருந்துங்க."

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்பவே வந்திருந்தா நம்பிக்கையாச் சொல்லியிருப்பேன். மார்கழில வந்திருந்தாக்கூட முயற்சி பண்ணியிருக்கலாம். இப்ப நரம்பு வெளுத்துப் போச்சுங்க. பீடிய விட்டா இருக்கற ஓரப் பார்வையாச்சும் நிக்கும். நடுவுல போனது வராது."

மார்கழி என்று அவர் வாயிலிருந்து வந்தபோது, முகாமில் அந்தப் பெண் கோடு போட்ட கட்டம்தான் என் கண்ணுக்குள் வந்தது. சென்னிமலை இடுப்பில் இருந்த பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து மேசை மேல் வைத்தான். சத்தம் போடாமல் வைத்தான். "சரிங்க" என்றான்.

வெளியே நடையில் இரும்பு நாற்காலி வரிசை. அவனை உட்கார வைத்துவிட்டு மாத்திரை வாங்கி வந்தேன். முத்தாயம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, எங்கே தவறு நடந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிற குரல்.

"ஏனுங்ணா, மார்கழில கேம்ப்புக்கு நீங்கதான கூட்டிட்டுப் போனீங்க. அங்க பீடியப் பத்திக் கேக்கவே இல்லீங்களா? கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமில்லீங்களா?"

பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தையை அடுக்கி வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன்.

"கேட்டாங்க," என்றான் சென்னிமலை. "நாந்தான் இல்லேன்னு சொல்லிப்புட்டேன். அண்ணன் பக்கத்துல நின்னு, மறைக்காதடா, கண்ணு சமாச்சாரம், உள்ளதச் சொல்லுன்னாரு. மொதலாளி நிக்கறாருன்னு நான் பயந்துட்டேன்."

முத்தாயம்மாள் அவன் தோளில் இரண்டு கையாலும் அடித்தாள். பெரியவங்க சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா, பாவி மனுசா என்று அழுதாள். அவன் அடியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தாலும் என் முகம் இருக்கிற இடத்தில் அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

அழுகை அடங்கியதும் அவள் எழுந்து போய், எதிர்க்கடையிலிருந்து டீ வாங்கி வந்தாள். முதல் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"இவருக்காக நீங்க எத்தன பாடுபட்டிருக்கீங்க. குடிங்கண்ணா, ஆறிப்போயிரும்."

வாங்கிக் குடித்தேன்.